தண்ணியும் நறவும்

ஜனவரி 2, வியாழன்

இன்று முற்பகல் பதினொன்று நாற்பதுக்குத் 'தண்ணீர்' என்ற சொல்லிலிருந்து ஒரு 'ர்' நீக்கப்பட்டது. துணையிழந்த 'ணீ' சற்று நேரத்தில் தானாகவே 'ணி' ஆயிற்று. முடிவை எடுத்தவன் நான். நாற்பது நிமிடம் யோசித்தேன். தேநீர் ஆறிப்போனது.

பின்னணியைப் பதிந்து வைக்கிறேன். இந்த ஆண்டு முதல் பல்கலைக்கழகத்தில் எல்லாப் பலகைகளும் சீட்டுகளும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று தமிழ்ப் பயன்பாட்டுக் குழு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. விலங்ககமும் பல்கலைக்கழகத்தில் அடக்கம். இங்கே நாற்பத்தெட்டுக் கூண்டுகளில் சுண்டெலிகள் இருக்கின்றன. கூண்டுக்கு இரண்டு புட்டி. ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் சாராயம் கலந்த தண்ணீர். எலி எதை வேண்டுமானாலும் குடிக்கலாம், யாரும் தடுப்பதில்லை. இதுவரை புட்டிகளில் ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தோம். தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டுப் பதினோரு ஆண்டாக எலிகளை மேற்பார்வை பார்ப்பவன் என்ற முறையில், சொல் தேரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

சீட்டு அச்சிடும் கருவி மூன்று எழுத்துக்கு மேல் ஏற்காது. 'நீர்' என்று போட்டால் எலியை மரியாதையாக விளிப்பது போலாகும். தவிர, அதே அறையில் எலிகளின் சிறுநீர்க் குடுவைக்கும் அதே சுருக்கம்தான். ஆகவே, மனச்சாட்சியோடு போராடி, 'தண்ணி'. சாராயம் என்ற சொல் பல்கலைக்கழகத்துக்கு ஆகாது. சங்க இலக்கியத்தில் கள்ளுக்கு வழங்கும் 'நறவு' என்ற சொல் இரண்டாயிரம் ஆண்டாக வேலையில்லாமல் இருக்கிறது. அதற்கு மூன்றே எழுத்து. இன்று அதற்குப் பணி நியமனம் கிடைத்தது.

ஜனவரி 6, திங்கள்

சோதனை நாளை தொடங்குகிறது. ஒன்பது வாரம்.

ஆய்வு மாணவி நஸ்ரினுடையது. நோய் வரும்போது உடலில் எச்சரிக்கை மணி அடிக்கும் மரபணு ஒன்று இருக்கிறதாம். இருபத்து நான்கு எலிகளில் அதை நீக்கியிருக்கிறார்கள். மற்ற இருபத்து நான்கும் குறையொன்றுமில்லாதவை. எல்லாமே கறுப்பு, ஒரே முகம். மணி இல்லாத எலிகளுக்குக் குடியில் நாட்டம் குறைவாக இருக்கும் என்பது அவருடைய வழிகாட்டி பேராசிரியர் வரகுணனின் கணிப்பு.

நஸ்ரினுக்கு இது ஆறாம் ஆண்டு. மார்ச் 31க்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. நீட்டிப்பு எல்லாம் ஏற்கெனவே வாங்கித் தீர்ந்துவிட்டது. மேலப்பாளையத்திலிருந்து பேருந்தில் வந்து தினமும் பத்து மணிக்குப் புட்டிகளை எடைபோட்டு, எது எவ்வளவு குறைந்தது என்று எழுதுவார். எலி ஒவ்வாமை அவருக்கு. மூக்கு எப்போதும் அடைத்திருக்கும்; எந்த மணமும் தெரியாது. மாற்று வேலை பார்க்கலாமே என்றேன். "எதிர்ப்பு சக்தி ஆராய்ச்சி சார், விட முடியுமா?" என்று தும்மினார்.

ஜனவரி 7, செவ்வாய்

புட்டிகளை நிரப்புவது அற்புதமேரியின் வேலை. ஒப்பந்தப் பணியாளர், ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். அவருடைய தமிழைத் திருத்த ஐந்து ஆண்டாக முயல்கிறேன்.

"சார், தண்ணி தீந்து போச்சு, மோட்டார் போடச் சொல்லுங்க" என்றார் காலையில்.

"தண்ணீர். தீர்ந்து போயிற்று."

"அதான் சார் சொல்லுதேன். தீந்து போச்சு."

புதிய சீட்டுகளைக் கொடுத்தேன். ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது என்ன சார், நறவு?"

கற்பிக்கும் வாய்ப்பை நான் தவறவிடுவதில்லை. "மன்னர்களும் புலவர்களும் விரும்பி அருந்தியது அம்மா. தூய்மையானது, குளிர்ந்தது, தேன் போன்றது" என்றேன்.

"அப்படியா!" என்றார் மரியாதையோடு. அடுத்த சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "நீங்களா சார் தண்ணின்னு போட்டீய?"

"வேறு வழியில்லை" என்றேன். வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் விளக்கவில்லை. அவரும் புரிந்துகொண்டவர் போலத் தலையாட்டினார்.

ஜனவரி 13, திங்கள்

பொங்கல் விடுமுறைப் பட்டியலில் எலிகள் இல்லை. அற்புதமேரி நான்கு நாளும் வருவார்.

ஜனவரி 20, திங்கள்

வியப்பான முடிவுகள். குறையில்லாத எலிகள் நறவுப் புட்டியை ஏறிட்டும் பார்ப்பதில்லை. தண்ணி மட்டுமே அருந்துகின்றன, அதையும் ஏராளமாக. மரபணு நீக்கிய எலிகளோ நறவே கதியென்று கிடக்கின்றன.

ஒழுக்கத்தின் பயன் கண்கூடு. நறவைத் தொடாத எலிகளிடம் அமைதி குடிகொண்டிருக்கிறது. ஒன்று தீனிக் கிண்ணத்துக்குள் தலையை வைத்தபடியே உறங்கியது. மற்றொன்று சுவரைப் பார்த்து நெடுநேரம் அமர்ந்திருந்தது. தியானம் என்றே சொல்ல வேண்டும். நறவு அருந்துபவையோ சக்கரத்தில் ஏறி ஓடுவதும் கம்பியில் தொங்குவதுமாக ஒரு நிலை கொள்ளவில்லை.

நஸ்ரின் எண்களை மூன்று முறை சரிபார்த்தார். "தலைகீழா வருது சார்" என்றார். கண்ணில் நீர். ஒவ்வாமையாக இருக்கலாம்.

பிப்ரவரி 3, திங்கள்

பேராசிரியர் வரகுணன் வந்தார். ஒரு மாதத்துக்கு முன், மணி இல்லாத எலி குடிக்காது என்பதை இந்த அறையில் நின்று பலகையில் படம் போட்டு விளக்கியவர். இன்று, மணி இல்லாத எலி ஏன் குடித்தே தீரும் என்பதை அதே படத்தில் இரண்டு அம்புக்குறிகளை மட்டும் திருப்பிப் போட்டு விளக்கினார். அறிவியலின் நெகிழ்வு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

"சார், நம்ம மொதல்ல சொன்னது..." என்றார் நஸ்ரின்.

"மொதல்ல சொன்னது எல்லாரும் சொல்றது. இது நாம சொல்றது. புரியுதா? உன் தீசிஸ் இப்பதான் தீசிஸ் ஆயிருக்கு."

"அந்தக் கருப்பன்லாம் ஒரு மாதிரி இருக்கு சார். நிக்க மாட்டேங்குது." கருப்பன் என்பது குறையில்லாத எலிகளுக்கு அற்புதமேரி வைத்த பெயர்.

"நிம்மதியா இருக்குன்னு சொல்லு."

பிப்ரவரி 10, திங்கள்

சாராயத்தின் அளவு பத்து விழுக்காட்டிலிருந்து இருபதாக உயர்த்தப்பட்டது. குறையில்லாத எலிகளின் அமைதி மேலும் ஆழமாகியிருக்கிறது. சில பக்கவாட்டில் படுத்துக்கொண்டு அமைதியாக இருக்கின்றன.

பிப்ரவரி 14, வெள்ளி

செய்தித்தாளில் வந்துவிட்டது: 'எதிர்ப்பு சக்தி குறைந்தால் குடி கூடும்: எலிகளில் கண்டுபிடிப்பு'. பேராசிரியரின் படம், எலியின் படம். எலியின் படம் தெளிவாக இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

குடிநோய் மறுவாழ்வு மையம் ஒன்றின் செயலாளர் பார்வையிட வந்தார். குடிநோயாளிகளுக்கு எதிர்ப்பு சக்திக் கஷாயம் கொடுத்தால் போதும், அறிவுரை தேவைப்படாது என்று முடிவு செய்திருக்கிறார்களாம். அறிவுரை சொல்பவர்கள் இருவருக்கு மாதக் கடைசியோடு விடை.

குடியாத எலி ஒன்றைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ள விரும்பினார். கொடுத்தோம். அவருடைய உள்ளங்கையில் நான்கு கால்களையும் பரப்பிப் படுத்து, விக்கியது.

"எவ்வளவு சாது!" என்றார்.

"மேட்டுச் சாராயக்கட வாசல்ல எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் சாதுவாப் படுத்திருப்பாரு" என்றார் அற்புதமேரி. விருந்தினர் முன்னிலையில் குடும்ப விஷயம் பேசலாகாது என்று பின்னர் எடுத்துச் சொன்னேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சொல்ல நா எழவில்லை. தமிழ்ப் பயன்பாட்டுக் குழு, 'பிழையற்ற சொல்லாக்கத்துக்கான' பாராட்டுப் பட்டயத்துக்கு என் பெயரைத் தேர்ந்திருக்கிறது. நறவு, தண்ணி ஆகிய இரு சொற்களும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. மார்ச் 27 அன்று விழா. துணைவேந்தர் கையால் பொன்னாடை.

மார்ச் 11, செவ்வாய்

நஸ்ரினுக்கு நோன்பு, அற்புதமேரிக்குத் தவக்காலம். இருவரும் பசியோடு சாராயப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் பட்டய விழாவுக்கான ஏற்புரையை அறையின் மூலையில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசியதைச் சொல் மாறாமல் பதிகிறேன்.

"எம்மா, இந்தக் கருப்பனுவ ஈரல் என்னத்துக்கு ஆவும்? இந்தக் குடி குடிக்கானுவளே" என்றார் அற்புதமேரி.

"கருப்பன் குடிக்கவே இல்லக்கா. சோப்ளாங்கிதான் குடிக்குது." மரபணு நீக்கிய எலிகளுக்கு அற்புதமேரி வைத்த பெயர் அது, நஸ்ரினும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டார்.

"யாரு சொன்னா? தெனம் காலையில வந்து பாத்தா தண்ணி பாட்டிலு காலியாக் கெடக்கு."

"அதான்க்கா. தண்ணிதான் குடிக்குது."

"அதத்தான பிள்ள நானும் சொல்லுதேன். தண்ணிதான் குடிக்கி."

"தண்ணி குடிச்சா குடிக்கலைன்னுதானே அர்த்தம்?"

"தண்ணி குடிச்சா குடிக்கலையா? எங்க வீட்டுக்காரரு கூட இப்படிப் பேச மாட்டாரு!"

புட்டி கழுவும் ஓசை நின்றது.

"அக்கா, எந்தத் தண்ணி?" என்றார் நஸ்ரின்.

"எந்தத் தண்ணின்னா? ஊருல இருக்கது ஒரு தண்ணிதான? நீ கலக்கி வைக்கிய பாரு கேன்ல, நாத்தம் பிடிச்ச தண்ணி. அத, தண்ணின்னு ஒட்டுன பாட்டில்ல ஊத்துதேன். கொழாத் தண்ணிய நறவுல ஊத்துதேன்."

"நறவுலயா? மொத நாள்ல இருந்தா?"

"மொத நாள்ல இருந்து. ஒருநாள் மாறினது கெடையாது, எம் பிள்ள மேல சத்தியம். சாரத்தான் கேட்டேன். மன்னர்லாம் குடிக்கது, தூய்மை, குளிர்ச்சின்னாவ. நல்ல தண்ணிக்குச் சுத்தத் தமிழ்ல பேரு போலன்னு நெனச்சேன்."

"தண்ணின்னு எழுதியிருக்கேக்கா. தண்ணின்னா தண்ணீர்னு தோணலையா?"

"யாரு எழுதுனா? திரவியம் சாரு எழுதுனாவ. நான் தண்ணின்னு ஒரு வார்த்த சொன்னா ஒம்பது தடவ திருத்துத மனுசன். அவுக கையால தண்ணின்னு எழுதுவாவளா? எழுதியிருந்தா அது அந்தத் தண்ணியாத்தான இருக்கணும்? வேற வழியில்லன்னு வெக்கப்பட்டுச் சொன்னாவ வேற!"

நஸ்ரின் தரையில் உட்கார்ந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், நடுவில் தும்மினார். பிறகு கணக்கேட்டை எடுத்து, மேலே 'தண்ணி' என்ற இடத்தில் 'நறவு' என்றும், 'நறவு' என்ற இடத்தில் 'தண்ணி' என்றும் பென்சிலால் எழுதினார். வேறு எதையும் மாற்றவில்லை.

"சரியா வருது சார். எல்லாம் சரியா வருது. சோப்ளாங்கி குடிக்கலை. கருப்பன்தான் குடிச்சிருக்கு."

ஏற்புரையில் இரண்டு பத்திகள் மீதம் இருந்தன. தொடர இயலவில்லை. காற்றோட்டம் போதாது.

மார்ச் 12, புதன்

பேராசிரியரின் அறை. அவர் பத்து வினாடி பேசாமல் இருந்தார். அவரைப் பொறுத்தவரை அது துக்க அனுசரிப்பு. பிறகு எழுந்து பலகையில் இரண்டு அம்புக்குறிகளையும் பழையபடி திருப்பினார்.

"நான் ஆரம்பத்துல இருந்து இதைத்தானே சொல்றேன்" என்றார். "பேப்பர்காரங்க தப்பாப் போட்டுட்டாங்க."

ஆனால் ஆய்வுக் குழு சும்மா ஏற்காதாம். ஒன்பது வாரமும் புட்டிகள் இடம் மாறியே நிரப்பப்பட்டன, சீட்டைப் பிறழ உணர்ந்ததே காரணம், வேறு குழப்பம் இல்லை என்று விலங்ககத்திலிருந்து எழுத்து மூலம் வேண்டும். "திரவியம், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். சொல் ரெண்டு பொருள் படுதுன்னு ஒரு வரி."

நஸ்ரின் என்னைப் பார்த்தார். 31ஆம் தேதி ரம்ஜான் விடுமுறை. அதற்கு முன் சனி, ஞாயிறு. ஆகவே கடைசி நாள் 28, வெள்ளி.

நிச்சயம் செய்யலாம் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

நஸ்ரின் வரைவுக் கடிதம் கொண்டுவந்தார். 'விலங்கக சீட்டு' என்று இருந்தது. 'விலங்ககச் சீட்டு' என்று ஒற்று மிக வேண்டும். பிழையோடு கையெழுத்திட முடியாது. திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 20, வியாழன்

இரண்டாம் வரைவு. ஒற்றுகள் சரி. 'பொருள் மயக்கம்' என்ற தொடர் உறுத்தியது. சொல்லுக்கு மயக்கம் இல்லை, மயங்குவது கேட்பவர். இதை எடுத்துச் சொன்னேன். 'கேட்பவர்' என்றால் அற்புதமேரி அக்கா மேல் பழி வருமே என்றார். இலக்கணத்தில் பழி என்று ஒரு வேற்றுமை இல்லை என்றேன்.

மார்ச் 24, திங்கள்

மூன்றாம் வரைவு. மேசையில் இருக்கிறது. ஏற்புரை ஒத்திகை.

மார்ச் 26, புதன்

"கையெழுத்து போட்டுட்டீயளா சார்?" என்று காலையில் அற்புதமேரி. "போட்டுட்டீயளா சார்?" என்று மதியம் அற்புதமேரி. மாலையில் கேட்கவில்லை. கூண்டுத் தட்டுகளை வழக்கத்தைவிட ஓசையோடு அடுக்கினார்.

மார்ச் 27, வியாழன்

விழா சிறப்பாக நடந்தது. துணைவேந்தர் 'நறவு' என்பதை 'நரவு' என்று வாசித்தார். பொன்னாடை போர்த்தும் நேரத்தில் திருத்துவது முறையன்று. பட்டயத்தில் 'பிழையற்ற' என்ற சொல் தங்க நிறத்தில் இருக்கிறது. கடைசி வரிசையில் நஸ்ரின் நின்றிருந்தார். கைதட்டினார். கையில் கடித உறை இருந்ததால் ஓசை குறைவு.

மார்ச் 28, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கே இருவரும் என் மேசை முன்.

"சார், அஞ்சு மணிக்கு அலுவலகம் மூடிடுவாங்க. ஒற்று எல்லாம் போட்டாச்சு. 'மயக்கம்' எடுத்தாச்சு" என்றார் நஸ்ரின்.

நேற்றுத்தான் பிழையற்றது என்று பல்கலைக்கழகம் சான்றளித்த ஒன்றை இன்று பிழை என்று நானே எழுதினால், அது பல்கலைக்கழகத்தைப் பொய்யாக்குவதாகும். தனிப்பட்ட முறையில் எனக்குத் தடை இல்லை. பதிவாளரிடம் கருத்துக் கேட்டுக் கோப்பு அனுப்பியிருப்பதாகச் சொன்னேன். கோப்பைப் பிற்பகலில் அனுப்புவதாக இருந்தேன்.

"எப்ப சார் பதில் வரும்?"

"நடைமுறைப்படி பதினைந்து வேலை நாள்."

நஸ்ரின் கடிகாரத்தைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு உறையைப் பைக்குள் வைத்தார்.

"ஏ பிள்ள, நில்லு" என்றார் அற்புதமேரி. "ஊத்துனது யாரு? நான். விலங்ககத்துல இருந்துதான எழுதணும்? நான் என்ன மாட்டுத் தொழுவத்துலயா வேல பாக்கேன்? கொண்டா பேனாவ."

"வேண்டாம்க்கா. நீங்க தப்புன்னு எழுதிக் கொடுத்தா..."

"எனக்குத் தெரியும்ட்டி. ஆறு வருசமா மூக்க உறிஞ்சிட்டுக் கெடக்க, ஒரு சீட்டுக்காவ விட்டுட்டுப் போவச் சொல்லுதியா? எம் மவளும் அடுத்த வருசம் காலேஜ் போறா. நாளைக்கு அவளுக்கு ஒருத்தன் கையெழுத்து போடாம இழுத்தடிச்சா நான் என்ன செய்வேன், செவுத்துலயா முட்டுவேன்?"

என் மேசையிலேயே எழுதினார். ஒன்றரைப் பக்கம். வாசிக்கக் கொடுத்தார். 'எனக்கு தண்ணினா சாராயம்னு தான் தெரியும் ஒம்பது வாரமும் அப்டி தான் ஊத்துனேன் ஒருநாளும் மாறல' என்று தொடங்கியது. முதல் பத்தியில் மட்டும் பதினேழு பிழைகள். நான் சுட்டிக்காட்டவில்லை. அவருடைய ஒப்பந்தம் இந்த மாத இறுதியில் புதுப்பிப்புக்கு வருகிறது என்பதையும் நினைவூட்டவில்லை. பிறர் எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடுவது நாகரிகமன்று.

"நறவுக்கு சின்ன ர-வா பெரிய ற-வா சார்?" என்று ஒருமுறை நிமிர்ந்து கேட்டார்.

"வல்லின ற" என்றேன்.

நாலே முக்காலுக்கு ஆய்வேடு அலுவலகத்தில் சேர்ந்தது.

ஏப்ரல் 2, புதன்

நஸ்ரினின் ஆய்வேட்டைக் குழு பரிசீலனைக்கு ஏற்றுக்கொண்டது. அற்புதமேரியின் கடிதம் பிற்சேர்க்கையாக, எழுதியபடியே, இணைக்கப்பட்டிருக்கிறது.

சீட்டு வாசிப்பில் கவனக்குறைவை அவரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருப்பதால் அற்புதமேரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. மாற்று ஆள் வரும்வரை கூண்டுப் பணியை மேற்பார்வையாளரே கவனிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். இரண்டு மணிக்கு நாற்பத்தெட்டில் இருபதாவது கூண்டு முடிந்தது.